ராமலிங்க விலாசத்தில் நின்றவர்: 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தின் ஒரு காட்சி குறித்த நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டில் பள்ளி ஆண்டு விழா நடக்கும் எந்த ஊரிலும் அட்டையில் செய்த கிரீடமும், கரிக்கோட்டால் முறுக்கிவிட்ட மீசையும், தங்கத்தாள் ஒட்டிய வாளுமாக ஒரு சிறுவன் மேடையேறி, வெள்ளைக்காரத் துரையைப் பார்த்து நாற்று நட்டாயா, களை பறித்தாயா என்று கேட்கும் காட்சியை ஒரு முறையாவது காணாமல் இருக்க முடியாது. அந்தச் சிறுவன் ஒப்பிப்பதைச் சபையில் இருப்பவர்கள் வரலாறு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது 1957 இல் சேலத்தில் மேடையேறிய ஒரு நாடகத்துக்காகச் சக்தி கிருஷ்ணசாமி எழுதி, 1959 மே மாதத்தில் பி. ஆர். பந்துலுவின் இயக்கத்தில் வண்ணப்படமாக வெளிவந்தபோது சிவாஜி கணேசனின் குரலில் நாடெங்கும் பரவிய வசனம். அரசர்களைப் பற்றிய திரைப்படங்களில் வரலாற்று உண்மை எவ்வளவு இருக்க வேண்டும் என்ற கேள்விக்குத் தமிழில் இதைவிடத் தெளிவான ஒரு நிகழ்வு கிடைக்காது. படம் காட்டும் சந்திப்பு உண்மையிலேயே நடந்தது. அதைப் பற்றிய கடிதங்களும் விசாரணைப் பதிவுகளும் இருக்கின்றன. அப்படியிருந்தும் திரையில் நடப்பதும் ஏட்டில் இருப்பதும் ஏறக்குறைய இருவேறு சம்பவங்கள்.

படம் வரலாற்றைத் திரித்துவிட்டது என்று குற்றப்பத்திரிகை வாசிப்பது இந்த ஆய்வின் வேலையில்லை. ஒரு காட்சியில் சேர்க்கப்பட்டது எது என்பதைக் கண்டுபிடிப்பது எளிது. சேர்த்ததால் எது மறைந்துபோனது என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டியிருக்கிறது.

மன்னரும் பாளையக்காரரும்

முதலில், திரையில் நாம் காணும் அரசரைப் பற்றி. கட்டபொம்மன் ஆண்ட பாஞ்சாலங்குறிச்சி ஒரு பாளையம். மதுரை நாயக்கர் ஆட்சியில் விசுவநாத நாயக்கர் காலத்தில் வகுக்கப்பட்டவையாகச் சொல்லப்படும் எழுபத்திரண்டு பாளையங்களின் வழியில் வந்தது. பாளையக்காரர் தம் எல்லைக்குள் வரி தண்டினார், காவல் காத்தார், வழக்குத் தீர்த்தார், படை வைத்திருந்தார். மேலே இருப்பவருக்குக் கப்பம் கட்டினார். அந்த மேலவர் முதலில் நாயக்கர், பிறகு ஆற்காட்டு நவாப். நவாப் கம்பெனியிடம் பட்ட கடன் தலைக்குமேல் போனதால், 1792 இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி பாளையக்காரர்களிடம் பேஷ்குஷ் என்னும் கப்பத்தைத் தண்டும் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போயிற்று. ஆகவே 1798 இல் கலெக்டர் ஜாக்சன் கேட்ட பணம், சட்டப்படி பார்த்தால், நவாபுக்குச் சேர வேண்டிய பழைய கப்பம்; அதை வாங்கும் கைதான் மாறியிருந்தது. நமக்கு நினைவிருக்கும் திரைக்கதையில் இந்த நவாப் எங்கும் குறுக்கே வருவதில்லை. அவரை எடுத்துவிட்டால்தான் ஒரு பக்கம் அரசர், மறுபக்கம் அந்நியர் என்று கோடு நேராக விழும்.

கோட்டையும் அப்படியே. படத்தின் பல காட்சிகள் ஜெய்ப்பூரில் எடுக்கப்பட்டவை. ராஜஸ்தானத்துக் கல் வளைவுகளும் உயர்ந்த மதில்களும்தான் பாஞ்சாலங்குறிச்சி என்று ஒரு தலைமுறையே நம்பியது. அசல் கோட்டை மண்கோட்டை. 1801 இல் அதை முற்றுகையிட்ட படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், ஏறக்குறைய 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்ட, இறுகிய மண்ணால் எழுப்பப்பட்ட, பன்னிரண்டடி உயர மதில் என்று எழுதிவைத்திருக்கிறார். கரிசல்காட்டு நடுவே முள்வேலி சூழ நின்ற அந்த மண்சுவர்தான் 1799 செப்டம்பர் 5 ஆம் தேதி மேஜர் பானர்மேனின் தாக்குதலைத் தாங்கி, கம்பெனி அதிகாரிகள் சிலரையும் பலிகொண்டது. ஜெய்ப்பூர் மதில் தாக்குப்பிடித்தால் அதில் வியக்க ஒன்றுமில்லை. மண்சுவர் பீரங்கிக்கு நின்றது என்பதுதான் செய்தி. அலங்காரத்துக்காகச் செய்த மாற்றம் இங்கே வீரத்தைக் குறைத்துத்தான் காட்டுகிறது. படம் எடுத்தவர்களுக்கு இது தோன்றவில்லை என்பதில் எனக்கு இன்றும் சிறு வருத்தம் உண்டு.

இருபத்துமூன்று நாள்

இனி அந்தச் சந்திப்பு. 1798 மே மாத முடிவில் பாஞ்சாலங்குறிச்சியின் கப்பப் பாக்கி 3310 வராகன் (அக்காலப் பொன் நாணயம்) என்று கணக்கு நின்றது. ஆகஸ்ட் மாதத்தில் ஜாக்சன், தம்மை ராமநாதபுரத்தில் வந்து காணும்படி கட்டபொம்மனுக்குக் கடிதம் அனுப்பினார். அனுப்பியவர் அங்கே இருந்து காத்திருக்கவில்லை, சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டார். கட்டபொம்மன் பரிவாரத்தோடு அவரைக் காணக் குற்றாலம் போனார். அங்கே பேட்டி இல்லை. சொக்கம்பட்டி, சிவகிரி, திருவில்லிபுத்தூர், பேரையூர், கமுதி என்று கலெக்டர் முகாம் மாற்றிய ஊருக்கெல்லாம் பின்னாலேயே போனார். எங்கும் பேட்டி கிடைக்கவில்லை. இருபத்துமூன்று நாள், ஏறத்தாழ 400 மைல். கடைசியில் செப்டம்பரில் ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்தில் சந்திப்பு நடந்தபோது, அவரும் அவருடைய அமைச்சரான தானாபதிப் பிள்ளையும் சுமார் மூன்று மணி நேரம் நின்றபடியே பதில் சொல்ல வேண்டியிருந்தது. உட்கார இடம் தரப்படவில்லை. கணக்கைப் பார்த்தபோது பெரும்பகுதி கட்டப்பட்டுவிட்டதும், மீதி நின்றது 1080 வராகன் மட்டுமே என்பதும் தெரிந்தது.

இதை நிதானமாக ஒரு முறை படித்துப் பார்த்தால், திரையில் வராத ஒரு நாடகம் இதற்குள் இருப்பது புலப்படும். தன் எல்லைக்குள் பல்லக்கில் போகும் ஒருவரை, பக்கத்துப் பாளையக்காரர்களின் ஊர்கள் வழியாக, அவர்கள் பார்க்கப் பார்க்க, ஒரு கலெக்டரின் கூடாரத்துக்குப் பின்னால் மூன்று வாரம் அலையவிடுவது என்றால் என்ன பொருள் என்பதைத் தெற்கத்திச் சீமையில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மரியாதை என்பது அங்கே கப்பத்தைவிடப் பெரிய நாணயம். ஜாக்சன் வரியைவிட அந்த நாணயத்தைத்தான் பறிக்கப் பார்த்தார் என்று தோன்றுகிறது.

சந்திப்பு நடந்த இடத்தையும் சொல்ல வேண்டும். ராமலிங்க விலாசம் இன்றும் ராமநாதபுரத்தில் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. தடித்த தூண்கள் வரிசையாக நிற்கும் நீண்ட மண்டபம். சுவரெங்கும், கூரையின் அடிப்பாகமெங்கும் பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஓவியங்கள். அவற்றில் முத்துவிஜய ரகுநாத சேதுபதி ஐரோப்பியர்களைத் தம் அவையில் வரவேற்கும் காட்சி ஒன்று உண்டு: தொப்பியும் நீண்ட மேலங்கியுமாக வந்தவர்கள் அரசர் முன் அடக்கமாக நிற்கிறார்கள். 1798 இல் அதே கட்டடத்தில் ஐரோப்பியர் ஒருவர் இருக்கையில் இருக்க, பாளையக்காரர் நின்றார். அந்த அரண்மனைக்கு உரியவரான முத்துராமலிங்க சேதுபதியைக் கம்பெனி 1795 இலேயே பட்டத்திலிருந்து இறக்கிக் காவலில் வைத்துவிட்டதால், கலெக்டர் உட்கார்ந்திருந்த இடமே இன்னொரு அரசரிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான். ஒரு கேமரா அந்தச் சுவரோவியத்திலிருந்து கீழே இறங்கி நிற்பவரின் முகத்துக்கு வந்தால் போதும், வசனமே வேண்டியிருக்காது.

திரையில் அப்படி நடப்பதில்லை. ஜாக்சனாக வரும் சி. ஆர். பார்த்திபன் வரியைக் கேட்டவுடன் கட்டபொம்மன் பொங்கி எழுகிறார். வானம் பொழிவதையும் பூமி விளைவதையும் சொல்லித் தொடங்கும் வசனம் அடுக்கடுக்காக ஏறி, கேட்டவன் வாயடைத்துப் போகும்படி முடிகிறது. நிஜத்தில் கம்பெனி அதிகாரிக்கும் பாளையக்காரருக்கும் நடுவில் துபாஷி என்னும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நிற்பதே வழக்கம் என்பதையும், ராஜகம்பளத்து நாயக்கர் மரபில் வந்த கட்டபொம்மனின் வீட்டு மொழி தெலுங்கு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அப்படியொரு செந்தமிழ்ச் சொற்போர் நடந்திருக்க வழியில்லை. ஆனால் இது பெரிய குற்றமில்லை. எந்த நாட்டு அரச நாடகத்திலும் பாத்திரங்கள் பார்வையாளரின் மொழியில்தான் பேசும்.

எனக்கு உறுத்துவது வேறு. உழவில் பங்கெடுக்காதவனுக்கு எதற்கு வரி என்று அந்த வசனம் கேட்கிறது. அது குடியானவனின் கேள்வி. பாஞ்சாலங்குறிச்சிக் குடியானவன் அந்தக் கேள்வியை 1798 இல் யாரிடம் கேட்டிருக்க வேண்டும் என்றால், முதலில் தன் பாளையக்காரரிடம்தான் கேட்டிருக்க வேண்டும். நிலவரியோடு, காவல் காப்பதற்கான கட்டணமாகத் தேசகாவல், தலக்காவல் என்ற பெயர்களில் பாளையக்காரர்கள் ஊர்களிடம் வாங்கிய தொகைகள் அந்நாளில் பெரும் பூசலுக்குக் காரணமாக இருந்தன. கம்பெனி தன் தலையீட்டை நியாயப்படுத்த அவற்றையே சுட்டிக்காட்டியது. வசனகர்த்தா குடியானவனின் கேள்வியை எடுத்துப் பாளையக்காரரின் வாயில் வைத்தார். ஏன் வைக்க முடிந்தது என்றால், எழுதப்பட்ட காலம் அப்படி. சென்னை மாகாணத்தில் 1948 இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. உழுதவனுக்கே நிலம் என்ற பேச்சு ஊரெல்லாம் இருந்தது. 1956 இல் மொழிவழி மாநிலம் அமைந்தது. வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்திய ம. பொ. சிவஞானம் கட்டபொம்மனைத் தமிழரின் விடுதலை முன்னோடியாக நிறுவி நூலெழுதியிருந்தார். படத்துக்கும் ஆலோசனை தந்தார். இதற்கு நேரெதிராக, கட்டபொம்மன் கொள்ளைக்காரர் என்று வாதிட்டுத் தமிழ்வாணன் நூல் எழுதினார். அந்தக் காலத்தில் இருந்த வாய்ப்புகள் தெய்வம், கொள்ளைக்காரர் ஆகிய இரண்டுதான். கப்பத்தின் பெரும்பகுதியைக் கட்டிவிட்டு, மீதிக்கு அவகாசம் கேட்டு, அலைக்கழிக்கப்பட்டு நின்ற ஒருவருக்கு அங்கே இடமில்லை.

ஏட்டிலிருந்து விடுபட்டது

ராமலிங்க விலாசத்துப் பேட்டி முடிந்ததும் கோட்டைக்குள்ளேயே தங்கும்படி சொல்லப்பட்டபோது, கைது செய்யப்போகிறார்கள் என்று கட்டபொம்மன் சந்தேகித்தார். வாயிலில் கைகலப்பு ஏற்பட்டது. லெப்டினன்ட் கிளார்க் உயிரிழந்தார். கட்டபொம்மன் தப்பினார், தானாபதிப் பிள்ளை பிடிபட்டார். படம் இந்தக் கைகலப்பை வாள்வீச்சாக விரித்துக்கொண்டது. அதற்கு ஆதாரம் உண்டு என்பதால் குறைசொல்ல இடமில்லை.

இதற்குப் பின் நடந்ததுதான் பொதுநினைவில் முற்றிலும் இல்லாமல் போனது. ஊர் திரும்பிய கட்டபொம்மன் ஜாக்சன் தம்மை நடத்திய விதத்தைச் சொல்லிச் சென்னைக்கு முறையீடு எழுதினார். கவர்னர் எட்வர்ட் கிளைவின் அரசு வில்லியம் பிரவுன், வில்லியம் ஓரம், ஜான் காசாமேஜர் ஆகிய மூவரைக் கொண்ட குழுவை அமைத்தது. கட்டபொம்மன் அந்தக் குழு முன் நேரில் போய் விளக்கமளித்தார். குழு ஜாக்சனின் நடத்தையில் பிழை கண்டது. அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். தானாபதிப் பிள்ளை விடுவிக்கப்பட்டார். ஒரு பாளையக்காரர் கம்பெனியின் காகித விதிகளைக் கொண்டே கம்பெனியின் கலெக்டரை வீழ்த்தினார் என்பது சாதாரணச் செய்தியா? முழக்கமிட்ட வீரரை நினைவில் வைத்திருக்கும் நாம், மனு எழுதி வழக்கில் வென்றவரை மறந்துவிட்டோம். மனு எழுதுவது அரசருக்கு அழகில்லை என்று நினைத்ததால் மறந்திருக்கலாம். ஆனால் அடுத்த ஆண்டு ஏன் எல்லாம் கைமீறிப் போயிற்று என்பது இதை வைத்தால்தான் விளங்கும். 1799 மே 4 ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு மாண்ட பிறகு, தெற்கே அனுப்பக் கம்பெனிக்குப் படை ஓய்வாகக் கிடைத்தது. ஜாக்சனுக்குப் பின் வந்த லூஷிங்டனுக்கு விசாரணைக் குழு தேவைப்படவில்லை, பானர்மேன் இருந்தார்.

எட்டயபுரத்தைப் பற்றியும் ஒரு சொல். எட்டப்பன் என்பது தமிழில் இன்று துரோகிக்கு மறுபெயர். அப்படி அது ஊன்றிப்போனதில் இந்தப் படத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அது ஒரு தனிமனிதரின் பெயராக இல்லாமல், அந்தப் பாளையத்து அரசர்கள் தலைமுறை தலைமுறையாகச் சூடிய பட்டமாக இருந்தது. எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எல்லைத் தகராறு நெடுநாளாக இருந்தது; 1799 இல் எட்டயபுரத்தார் ஒளிந்து காட்டிக்கொடுக்கவில்லை, பகையாளி என்ற முறையில் வெளிப்படையாகவே கம்பெனிப் படையோடு சேர்ந்து தேடினார்கள். கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தவர்கள் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். ஆனாலும் தொண்டைமான் என்ற சொல் வசையாகவில்லை. கதைக்கு ஒரு வில்லன் போதும் என்ற கணக்கில், பிற்காலத்தில் முத்துசுவாமி தீட்சிதரை ஆதரித்ததும், சிறுவன் சுப்பிரமணியனுக்குப் பாரதி என்ற பட்டம் கிடைக்கும் அவையாக இருந்ததுமான ஒரு அரண்மனை, ஒரே சொல்லாகச் சுருங்கிவிட்டது. வசனத்தை மன்னித்துவிடலாம், இதை மன்னிப்பது கொஞ்சம் கடினம்.

புளியமரத்தடியில்

இவ்வளவு சொன்ன பிறகு, படம் ஏட்டோடு மிக நெருங்கி வரும் இடத்தையும் சொல்லாவிட்டால் ஆய்வு நேர்மையாகாது. 1799 அக்டோபர் 16 ஆம் தேதி கயத்தாற்றில் மற்றப் பாளையக்காரர்களைக் கூட்டிவைத்து விசாரணை என்ற பெயரில் ஒன்றை நடத்தி, கட்டபொம்மனைத் தூக்கிலிட்டவர் பானர்மேன். மறுநாள் அவர் சென்னைக்கு எழுதிய கடிதத்தைக் கால்டுவெல் தம் திருநெல்வேலி வரலாற்றில் எடுத்துத் தந்திருக்கிறார். விசாரணை நேரம் முழுவதும் அவர் சிறிதும் அஞ்சாமல் அலட்சியமாக நின்றார் என்றும், எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் வெறுப்போடு அடிக்கடி பார்த்தார் என்றும், தூக்குமரத்துக்கு நடக்கும்போது உறுதியான நடையில் இருபுறமும் நின்ற பாளையக்காரர்கள்மேல் இகழ்ச்சிப் பார்வையை வீசிச் சென்றார் என்றும் அந்தக் கடிதம் சொல்கிறது. தண்டனை கொடுத்தவனே எழுதிய சாட்சி இது. சிவாஜி கணேசன் அந்தக் கடைசி நடையில் காட்டும் நிமிர்வுக்கு இதைவிடச் சிறந்த ஆதாரம் தேவையில்லை. வசனம் குறைந்து உடல் பேசத் தொடங்கும் இடத்தில் நடிகர் உண்மைக்கு அருகே வந்துவிடுகிறார் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் 1960 இல் கெய்ரோ ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில், தமிழ் தெரியாத நடுவர்கள் அவருக்குச் சிறந்த நடிகர் விருது கொடுத்ததற்கு அந்த உடல்மொழி காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அதே கடிதத்தில் இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. தூக்கிடும் இடத்துக்குப் போகும் வழியில், வாய் பேச இயலாத தன் தம்பி ஊமைத்துரையைப் பற்றி மட்டும் அவர் கவலைப்பட்டார் என்று பானர்மேனுக்குத் தகவல் வந்தது. மரத்தடிக்கு வந்ததும், கோட்டையை விட்டு வெளியேறியதற்காக வருந்தி, அதைக் காத்து அங்கேயே இறந்திருக்கலாம் என்று சொன்னாராம். சாகப்போகும் ஒருவரின் தவிப்பும் தன் முடிவைத் தானே எடைபோடும் நேர்மையும் இந்த இரண்டு வரியில் இருக்கின்றன. எந்த வசனகர்த்தாவும் இதைவிட நன்றாக எழுதிவிட முடியாது. தம்பியைப் பற்றிய கவலை வீண்போகவில்லை. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, இடிக்கப்பட்ட கோட்டையைச் சில நாள்களில் மண்ணால் மறுபடி எழுப்பி மே மாதம்வரை கம்பெனிப் படையை வெளியே நிறுத்தினார். அது வீழ்ந்த பிறகு, கோட்டை இருந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைக்கவும், வரைபடத்திலிருந்து ஊர்ப்பெயரை நீக்கவும் கம்பெனி உத்தரவிட்டது.

பெயர் நீங்கியும் கதை நீங்காததற்குக் காரணம் திரைப்படம் வருவதற்கு முன்பே ஊர்களில் பாடப்பட்ட கட்டபொம்மு கதைப்பாடல்களும் தெருக்கூத்தும்தான். நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடலைப் படிப்பவர்கள், கட்டபொம்மனின் தளபதி பகதூர் வெள்ளையின் வீரமும் அவர் மனைவி வெள்ளையம்மாளின் துயரமும் படத்துக்குள் வந்த வழியை அடையாளம் காணலாம். சிறுவயதில் பார்த்த கட்டபொம்மன் கூத்துதான் தம்மை நடிப்புக்கு இழுத்தது என்று சிவாஜி கணேசனே சொல்லியிருக்கிறார். ஆகையால் படத்தின் மூலநூல் கம்பெனியின் கடிதக்கட்டு அன்று, கூத்து. கூத்தின் உண்மையைக் கடிதக்கட்டை வைத்து மட்டும் அளப்பது முறையாகாது. ஆனால் கூத்துப் பார்த்தவர்கள் விடிந்ததும் அதைக் கூத்து என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். திரையில் பார்த்ததைப் பாடமாகவே எடுத்துக்கொண்டோம். வேடத்துக்கும் வரலாற்றுக்கும் நடுவே இருந்த திரைச்சீலையைச் சினிமாவின் வண்ணமும் ஒலியும் கழற்றிவிட்டன.

கயத்தாற்றில் தூக்கிலிட்ட இடத்தில், படத்துக்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு கற்குவியல் இருந்தது. அந்த வழியாகப் போகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கல்லைப் போட்டுவிட்டுப் போக, சிறிதும் பெரிதுமாக எல்லாக் கற்களும் சேர்ந்து அது வளர்ந்திருந்ததாக 1879 இல் வெளிவந்த திருநெல்வேலி மாவட்டக் கையேட்டில் ஸ்டூவர்ட் குறித்திருக்கிறார். கல் போட்டவர்கள் யார் என்று யாரும் எழுதிவைக்கவில்லை; முகமும் வசனமும் இல்லாத நினைவு அது. அந்த ஊரில் 47 சென்ட் நிலத்தைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கி 1970 இல் சிவாஜி கணேசன் கட்டபொம்மனுக்குச் சிலை வைத்தார். மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் சாலையில் இறங்கி அதைப் பார்ப்பவர்களில் பலர், முகத்தைப் பார்த்தவுடன் முதலில் சொல்லும் பெயர் சிவாஜி.